ஒரு கொம்பு குறைந்த நாடகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து ஆடி மாதங்களைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு ஆடிக்கும் அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறப்பேன். 'அம்மன் துணை' என்று மேலே போடுவேன். அதற்குக் கீழே யாருடைய ரவிக்கை அளவாவது வந்து உட்கார்ந்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழை வருமே என்று பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் பொறாமையை என் கையெழுத்திலேயே படிக்க வேண்டி வருமே என்பதுதான்.

மலைமேல் ஜமுனாமரத்தூர் கடைவீதியில் என் தையல் கடை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் படவேட்டு அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டாமல் மிஷினில் கால் வைத்ததில்லை. தையல்காரனுக்குக் கண்ணுக்கு வேலை உண்டு, கைக்கு வேலை உண்டு, காலுக்கு வேலை உண்டு. காது ஒன்றுதான் சும்மா கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே அந்தக் காதை நான் வானொலி நாடகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதிலும் பேய் நாடகம், கொலை நாடகம், மர்ம நாடகம். சாமி கும்பிடுகிறவன் பேய்க் கதை கேட்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருப்பவன்தானே நிம்மதியாகப் பயப்பட முடியும்?

என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரருக்கு, ஒடுகத்தூரில் செல்போன் கடை. என்னைவிட எட்டு வயது சின்னவன். அவனுக்கு சினிமாப் பைத்தியம். அவன் வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு டி.வி. மாட்டியிருக்கிறான். எந்தப் பேய்ப் படம் வந்தாலும், எந்த மிஷின் மனிதன் படம் வந்தாலும் வந்த அன்றைக்கே பார்த்துவிடுவான். பார்த்ததோடு விட்டாலும் பரவாயில்லை. மாமியார் வீட்டுக்கு வந்து கதை சொல்வான். கதவு முனகுவது, நாய் ஊளையிடுவது, மழை பெய்வது எல்லாம் அவன் வாயிலேயே வரும். அத்தனை பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். என் மனைவி முதல் ஆளாக உட்காருவாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போதும், நிறுத்துங்க" என்பாள். அவன் நிறுத்தினால், "அப்பறம் இன்னா ஆச்சு?" என்பாள்.

அந்த 'அப்பறம் இன்னா ஆச்சு' என்னுடையது. ஒரு காலத்தில் என்னிடம் மட்டும்தான் அவள் அதைக் கேட்டாள். அதை அவன் வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் நான் எழுந்து போய் வாசலில் செருப்புகளை நேராக அடுக்கிக்கொண்டிருப்பேன்.

புதுப் படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பொறாமையோடுதான் சொல்கிறேன், இருந்தாலும் நியாயமாகச் சொல்கிறேன். இன்றைய பேய்ப் படத்தில் பூனை குதித்தாலும் பத்து தவில் சேர்ந்து அடிக்கிற சத்தம் கேட்கிறது. அது பயம் இல்லை, அதிர்ச்சி. பின்னால் இருந்து யாராவது தோளில் தட்டினாலும் அதேதான் வரும். பேய்க்கு ஒரு பழைய கதை வைக்கிறார்கள். அதில் கட்டாயம் ஒரு நிலத் தகராறு இருக்கிறது. கடைசியில் பேய் ஊருக்கு நல்லது செய்துவிட்டுப் போகிறது. கொலைகாரன் படம் என்றால் தாடி வைத்த போலீஸ்காரர் ஒருவர் தூங்காமலே இருக்கிறார். அவர் ஒரு வேளை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் இடைவேளைக்கு முன்பே ஆளைப் பிடித்திருக்கலாம். பழைய காலத்துக்குத் திரும்பிப் போகிற மிஷின் படங்கள் மட்டும் எனக்குப் பிடிக்கும். அந்த மிஷினில் ஏறிப் போக எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வானொலி நாடகத்தில் குறை இல்லையா? இருக்கிறது. கையில் கத்தி இருந்தால், "ஆ! உன் கையில் கத்தி!" என்று ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர் என்றால் இருமியே ஆக வேண்டும். ஆனாலும் சினிமாப் பேய் அவர்கள் கட்டிய வீட்டில்தான் நடமாடும். வானொலிப் பேய்க்கு வீடு கிடையாது, நம் வீட்டுக்கு வந்துவிடும். காலடி ஓசை கேட்டால் அது என் கடை மரப்படியில்தான் கேட்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. போன வருடம் சகலை ஒரு படம் போட்டான். கணவன் இறந்த ஒருத்தி, பக்கத்துக் காலி மனையில் தினம் காலையில் யாரோ பெருக்குகிற சத்தத்தைக் கேட்கிறாள். அவ்வளவுதான். தவில் இல்லை, முகம் இல்லை. வெறும் விளக்குமாற்றுச் சத்தம். எனக்கு முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. "எப்டிண்ணா கீது?" என்று கேட்டான். "பரவால்ல" என்றேன். அந்தப் படம் நன்றாக இருந்ததே என்றுதான் மனசு எரிந்தது.

இனி நாடகத்துக்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதில் ஞாயிறு மதியம் ஒரு தொடர் நாடகம் வந்தது. மலை மேலே ஒரு பங்களா. புருஷனும் அவன் தாயாரும் இருக்கிறார்கள். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போனதிலிருந்து மாலையானால் படியில் காலடி ஓசை கேட்கிறது. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. பதின்மூன்று வாரம் இதுதான் கதை.

எட்டாவது வாரம் என் மனைவி மதியச் சோற்றுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். அன்று நாடகத்தில் முதல்முறையாகக் கதவுத் தாழ்ப்பாள் தானாக அசைந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிமிராமல், பேசாதே என்று கையைக் காட்டினேன். நாடகம் முடிந்து நிமிர்ந்தால் அவள் அங்கேயே நிற்கிறாள்.

"அந்த ரேடியோவையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே, என்ன எதுக்குக் கட்டுனீங்க?" என்றாள்.

முதலில் பொறாமைப்பட்டவள் அவள்தான். அன்று நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மறுநாள் காலைப் பேருந்தில் ஒடுகத்தூர் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆள் அனுப்பியும் வரவில்லை. நாடகத்தில் என்ன நடக்கிறதோ அதுவே எனக்கும் நடந்தது. அதன்பின் நான் நாடகம் கேட்டது பொழுது போவதற்காக இல்லை. அவள் திரும்பி வருவாளா என்று தெரிந்துகொள்ளத்தான்.

பதின்மூன்றாவது வாரம் ஒரு பள்ளிக்கூடச் சீருடையை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. காலை மிதியிலிருந்து எடுக்க முடியவில்லை. மிஷின் ஓட ஓடவே கேட்டேன். வெளியிலிருந்து தாயார் ஓடி வருகிறாள். மூச்சிரைக்கிறது. மகனிடம் அழுதுகொண்டே சொல்கிறாள்: "அவ வந்துட்டாடா!" உடனே வயலின் வந்தது. நாடகம் முடிந்தது.

அந்த மனுஷி அழுதாள்தான். ஆனால் சந்தோஷத்திலும் அழுவார்கள் அல்லவா? சினிமாவாக இருந்தால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன். வானொலியில் முகம் ஏது?

அன்றைக்கே கடையை மூடிவிட்டு ஒடுகத்தூர் போனேன். அவளும் தாய் வீட்டில் ஒளிந்து ஒளிந்து அந்த நாடகத்தைக் கேட்டிருக்கிறாள்! கடைசி வாரம் மட்டும் கோயிலுக்குப் போனதில் தவறிவிட்டது. என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. "அவ இன்னா ஆனா?" என்றுதான் கேட்டாள்.

"வந்துட்டா" என்றேன்.

"வந்து இன்னா சொன்னா?"

அவள் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். வெறும் 'வந்துட்டா' போதாது என்று தெரிந்தது. "வாசப்படியில நின்னுகினே, 'சாப்டீங்களா'ன்னு கேட்டா" என்றேன். அது நான் தைத்துச் சேர்த்த துண்டு.

அவள் சிரித்தாள். பையை எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் நின்று, என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றாள். அன்றிலிருந்து எங்கே போய்விட்டு வந்தாலும், ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தாலும், படியில் நின்று முதல் வார்த்தை அதுதான். கோபமாக இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கோபத்தைத் தொடருவாள்.

பல வருடம் கழித்துப் பழைய நாடகங்களை மறுபடி போட்டார்கள். அன்று மிஷின் ஓடவில்லை. நான் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி சத்தம் போடாதல்லவா? தாயார் ஓடி வந்தாள், மூச்சிரைத்தாள், சொன்னாள்: "அவ வெந்துட்டாடா!"

தாய் வீட்டுக்குப் போன அன்றே தீப்பிடித்து அவள் வெந்துபோய்விட்டாள், சேதி பங்களாவுக்கு வரத்தான் இத்தனை நாள். பதின்மூன்று வாரமாகப் படியில் நடந்தது அவளுடைய ஆவி. வந்து, வெந்து. எழுதினால் ஒரு ஒற்றைக் கொம்புதான் வித்தியாசம். அந்தக் கொம்பை என் மிஷின் சத்தம் தின்றுவிட்டது. ரேடியோவை அணைத்தேன். அதற்குள் கடையின் பின்கட்டுக்கே குடிவந்துவிட்டோம்; அங்கிருந்து மனைவி, "இன்னா நாடகம்?" என்றாள். "ஏதோ விவசாயம்" என்றேன். காது செய்த தப்பு அதுவரைக்கும்தான். அதற்கு மேல் எல்லாம் நான் செய்த தப்பு.

ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆடி வெள்ளி. மாமியார் வீட்டில் கூழ் ஊற்றி முடித்து, மதியச் சாப்பாடும் முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். சகலை வானொலி நாடகத்தைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான்.

"அண்ணா கேக்கற நாடகத்துல பேயே வராது அண்ணி. ரெண்டு பேரு இருமுவாங்க, ஒரு கதவு கிறீச்சுங்கும், அதுக்குள்ள செய்தி போட்டுடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, எனக்காகப் பேசினாள். "அப்டி சொல்லாதீங்க. மலை பங்களா நாடகம் ஒண்ணு வந்துச்சு. கடசீல அவ வந்துட்டா பாருங்க, அந்த மாதிரி ஒரு முடிவு உங்க படத்துல ஒண்ணுலகூட இல்ல."

"அதுவா? எங்கப்பா கேப்பாரு. அதுல அவ வரலயே அண்ணி. வெந்துட்டா."

"வந்துட்டா."

"வெந்துட்டாங்க. தீயில."

"இன்னாங்க, சொல்லுங்க அவருக்கு" என்று மனைவி என் பக்கம் திரும்பினாள்.

நான், "வந்துட்டா" என்றேன்.

"பந்தயம்!" என்றாள் மைத்துனி. "மாமா சொல்றதா, எங்க வூட்டுக்காரரு சொல்றதா?"

மாமியார் பூஜை அலமாரியிலிருந்து தட்டை எடுத்து வந்துவிட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். "எதுக்கு வீண் பேச்சு? அம்மா முன்னாடி கற்பூரம் அடிச்சு சொல்லுங்க மாப்ளே, தீந்துடும்" என்றார்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் பேச்சில்லை. நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் என் மனைவி, "அடிங்க. அவரு காதுல கேட்டதத்தான் சொல்வாரு" என்றாள். சகலை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பில் சுவர் அகல டி.வி., முதல் வரிசை, 'அப்பறம் இன்னா ஆச்சு', எல்லாம் தெரிந்தது.

"அன்னைக்கு என் காதுல வுழுந்தது 'வந்துட்டா'தான். அம்மா மேல சத்தியம்" என்று சொல்லி அடித்தேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கிழிசலை உள்பக்கம் மடித்துத் தைத்தால் வெளியே தெரியாது. அந்த மாதிரி சத்தியம் அது. சகலையின் சிரிப்பு நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மன்னிச்சுக்கோண்ணா. எங்கப்பாதான் தப்பா சொல்லிட்டாரு போல" என்றான். இறந்துபோன தகப்பனின் வார்த்தையை எனக்காக விட்டுக்கொடுத்தான். அன்று முழுவதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உள்ளங்கை எரிந்ததுகூடத் தெரியவில்லை.

கார்த்திகையில் சகலை தனியாக மலையேறி என் கடைக்கு வந்தான். செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தான். யாரோ அந்த நாடகத்தை இணையத்தில் போட்டு வைத்திருந்தார்களாம். கடைசிப் பகுதியை ஓட்டினான். "அவ வெந்துட்டாடா!" தெளிவாக, கொம்போடு கேட்டது.

நான் டீக்குச் சொன்னேன்.

"யாருக்கும் போட்டுக் காட்டலண்ணா" என்றான். "மிஷின் சத்தத்துல உங்களுக்கு அப்டிதான் கேட்டிருக்கும். நீங்க அடிச்சது சத்தியந்தான். அண்ணி வேற நம்பிக்கினு கீறாங்க. வுட்டுடலாம்."

டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் என்னை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தியிருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் என்னைவிட நல்லவனாகவும் இருந்துவிட்டான். கதை சொல்வதில் பொறாமைப்பட்டவன், இப்போது குணத்திலும் பொறாமைப்பட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு காலையில் கற்பூரம் காட்டும்போது ஐந்து வருடமாகச் சுடரைப் பார்க்காமல்தான் கும்பிட்டேன்.

இந்தப் பங்குனியில் ஒரு மலைக் கிராமத்துப் பெண் ரவிக்கை வாங்க வந்தாள். புருஷனோடு சண்டை, தாய் வீட்டில் இருக்கிறாள். என் மனைவி ஊக்கு தைத்துக்கொண்டே அவளிடம் சொன்னாள்: "ஒரு நாடகத்துல இப்டித்தான் கோச்சிக்கினு போனா. கடசீல அவளே வந்துட்டா. வந்து நின்னு, சாப்டீங்களான்னு கேட்டா. ரேடியோவுல வந்துச்சு. இவரு கேட்டாரு."

அந்தப் பெண் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தாள். நான் கத்தரியைத் தேடினேன். என் பொய் என் கடையிலிருந்து நடந்து வேறொரு வீட்டுக்குப் போகிறதே என்று இருந்தது.

அவள் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பைச் சொன்னேன், மறுஒலிபரப்பைச் சொன்னேன், செல்போனைச் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"'சாப்டீங்களா'?"

"அது நான் சேத்தது."

துணியை மடித்து வைத்தாள். பிறகு, "நாடகம் போவட்டும். கற்பூரத்து மேலயா வார்த்தைய மடிச்சீங்க?" என்றாள். "எங்க தங்கச்சி வூட்டுக்காரரு செத்துப்போன அப்பாவ பொய்யாக்கிக்கினு போனாரே. நாலு பேரு முன்னாடி மடிச்சத நாலு பேரு முன்னாடிதான் பிரிக்கணும்."

"பிரிக்கறேன்."

"நகை நட்டு போடாம சொல்லுங்க. உங்களுக்கு எதுலயும் ஒண்ணு சேக்கணும்."

அன்றிலிருந்து அவள் வாசற்படியில் அந்த வார்த்தையைச் சொல்வது நின்றுவிட்டது. ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தால் நேராக உள்ளே போய்விடுவாள். முப்பது வருடம் கேட்ட வார்த்தை. அது இல்லாமல், சாப்பிட்டும் சாப்பிடாதது போலவே இருந்தது.

சித்திரையில் தனியாக ஒடுகத்தூர் போனாள். நாலு நாள் இருந்தாள். சகலையின் செல்போனில் அந்த நாடகம் பதின்மூன்று வாரத்தையும் காதில் மாட்டிக் கேட்டாளாம். தாயாராக நடித்த அம்மாவின் குரலுக்கு அழுதாளாம். மைத்துனி போனில் சொன்னாள். என்னிடம் கேட்காமல் அவனுடைய செல்போனில் கேட்டாளே என்று அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது.

ஐந்தாம் நாள் மதியம். நல்ல வெயில். நான் மிஷினில் இருந்தேன். கால் மிதித்துக்கொண்டிருந்தது. மரப்படியில் காலடி கேட்டது. அவள் பையோடு வாசலில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள்.

'வந்துட்டேன்' என்றாளா, 'வெந்துட்டேன்' என்றாளா?

மிதியை நிறுத்திவிட்டு, "இன்னா சொன்ன?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பச் சொல்லவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் கோணியது. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய காலத்துக்குப் போகிற மிஷினில் ஏறுவேன் என்று சொன்னேனே, அது அந்தப் பதின்மூன்றாவது ஞாயிறுக்குத்தான், போய் மிதியை நிறுத்துவதற்காக. இப்போது போக இரண்டு இடம் ஆகிவிட்டது.

வருகிற ஆடி வெள்ளிக்கு இந்தத் தாள்களோடு ஒடுகத்தூர் போகிறேன். மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சகலைதான் இதை வாசிக்க வேண்டும். அவன் தகப்பன் கேட்டதுதான் சரி என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். அவனுக்குத்தான் குரல் இருக்கிறது. எனக்கு இல்லை. அவன் வாசித்தால் அவள் முதல் வரிசையில் உட்காருவாள். உட்காரட்டும்.

சகலை, கதவுச் சத்தம், மழைச் சத்தம் எதுவும் போடாமல் வாசி. இதைப் படித்து வேறு யாருக்காவது சொல்கிற புண்ணியவான்களுக்கும் அதே வேண்டுகோள். இருக்கிறது இருக்கிறபடி சொல்லுங்கள். கொம்பு இருக்கிற இடத்தில் கொம்பைப் போடுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். அவள் வாசலில் என்ன சொன்னாள் என்று கேட்டால் நீங்களாக ஒன்றைத் தைத்துச் சேர்க்காதீர்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.